டிஸ் ட்ராக் எழுதப் போறியா, மொதல்ல இதப் படி

மும்பை தாராவி 90 ஃபீட் ரோடு, கிராஸ் ரோடு, மாட்டுங்கா லேபர் கேம்ப் பக்கம் இப்போ ஸ்கூல் படிக்கிற பசங்க கூட ஃபோன்ல பீட் போட்டு யாரையாச்சும் டிஸ் பண்ணி, அதாவது ராப் பாட்டுலயே மட்டம் தட்டி, எழுதிட்டு இருக்காங்க. எனக்கு அதப் பாத்தா ரொம்ப சந்தோஷமா இருக்கு, ஏன்னா கையில கத்தி எடுக்குறதுக்கு பதிலா பேனா எடுக்குறாங்க இல்லயா. ஆனா பாதிக்கு மேல கேட்டா வெறும் அம்மா அக்கா கெட்ட வார்த்த, அதுவும் எல்லாரும் எல்லாருக்கும் சொல்றது, யார் பேர வேணா மாத்திப் போட்டுக்கலாம். அது டிஸ் இல்ல தம்பி, அது கொழாயடி சண்ட. அதனாலதான் இத எழுதுறேன், பையனோ பொண்ணோ, புதுசா எழுதுற யாருக்கும் இது உதவும்.

எல்லாத்துக்கும் மேல ஒரே ஒரு ரூல். நம்ம ஏரியால நீ யார டிஸ் பண்ணுறியோ அவன் நாளைக்குக் காலைல அதே கல்லில (சந்துல) எதிர்ல வருவான், அவன் தங்கச்சியும் உன் தங்கச்சியும் ஒரே ஸ்கூல்ல படிக்கும். அதனால அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு, கண்ணப் பாத்துப் பாட முடியுற வரிய மட்டும் எழுது. அமெரிக்கால பெரிய ஆளுங்க ஆளுக்கொரு ஊர்ல பங்களால உக்காந்து பாட்டு விடுறாங்க, நமக்கு அந்த தூரம் கெடையாது. கீழ சொல்றது எல்லாம் இந்த ரூல்ல இருந்துதான் வருது.

சண்ட எதுக்குன்னு ஒரு வரில சொல்லிடு

எழுத உக்கார்றதுக்கு முன்னாடி, உனக்கும் அவனுக்கும் என்ன பிரச்சனன்னு ஒரே வரில, சம்பந்தமே இல்லாத ஒருத்தருக்குப் புரியுற மாதிரி சொல்லிப் பாரு. "அவன் ஓவரா பண்றான்" அப்படிங்கிறது காரணம் இல்ல. "இங்க பொறந்து வளராதவன் தாராவி பேரச் சொல்லி ஷோ வாங்குறான்" இது காரணம். "என் ஃப்ளோவ (வரி தாளத்துல ஓடுற விதத்த) எடுத்து அவன் பாட்டுல போட்டான்" இதுவும் காரணம். கேக்குறவனுக்கு ரெண்டு பேரயும் தெரியாட்டியும் சண்ட புரியணும், அப்பத்தான் பாட்டு கல்லியத் தாண்டிப் போகும்.

பெருசா பேசப்பட்ட சண்ட எதுவும் சும்மா வந்ததில்ல. 1986ல நியூயார்க்ல எம்சி ஷான்ங்கிற ராப்பர் தன்னோட குவீன்ஸ்பிரிட்ஜ் ஏரியா பத்தி ஒரு பாட்டுப் போட்டாரு, ஹிப் ஹாப்பே எங்க ஏரியாலதான் பொறந்துச்சுன்னு அவர் சொல்றதா இன்னொரு ராப்பர் கேஆர்எஸ் ஒன் எடுத்துக்கிட்டு, பொறந்தது பிராங்ஸ்லன்னு திருப்பி அடிச்சாரு, 1987லயும் அது தொடர்ந்துச்சு. யார் ஊரு ஒரிஜினல்ங்கிற சண்ட அது. நமக்கு இது புதுசு இல்ல, 2019ல வந்த கல்லி பாய் படத்துல ஹீரோ தாராவி பையன், ஆனா அந்தக் கதைக்குத் தூண்டுதலா இருந்த ரெண்டு ராப்பர்ல டிவைன் அந்தேரி, நேஸி குர்லா. அப்போ தாராவி யாரோடதுன்னு கேக்க இங்க இருக்குற பசங்களுக்கு முழு நியாயம் இருக்கு, டோப்அடெலிக்ஸ்ங்கிற தாராவி ராப் குரூப்பு பசங்க அதுக்கு முன்னாடியே தமிழ், இந்தி எல்லாம் கலந்து இங்க இருந்து பாடிட்டு இருந்தவங்க, 2018ல காலா படத்துல ராப்பும் பண்ணாங்க.

அதே 2018ல இந்தி ராப்பருங்க எமிவே பன்டாய்க்கும் ரஃப்தாருக்கும் நடந்தத எடுத்துக்கோ. ரஃப்தார் ஒரு பேட்டில எமிவே மாதிரி ஆளுங்க சம்பாதிக்கிறதப் பத்தி ஏதோ சொல்லப் போக, எமிவே பாட்டாவே கேள்வி கேட்டாரு, ரஃப்தார் 'ஷேக் சில்லி'ன்னு பதில் போட்டாரு, உடனே எமிவே 'கிரஃப்தார்'னு விட்டாரு. டைட்டில்லயே அடி விழுது பாரு, ஒருத்தர் எதிராளியோட ஷேக்ங்கிற பேர எடுத்து பகல் கனவு காணுறவன்னு ஆக்கிட்டாரு, இன்னொருத்தர் ரஃப்தார்ங்கிற பேருக்கு முன்னாடி ஒரு எழுத்தச் சேத்து ஆளயே அரெஸ்ட் பண்ணிட்டாரு. ஆனா அந்த சண்ட ஏன் அவ்வளவு பெருசாச்சுன்னா, கம்பெனி பின்னாடி இல்லாம தனியா யூட்யூப்ல பாடுற பசங்களுக்கு மதிப்பு உண்டா இல்லயாங்கிற கேள்வி உள்ள இருந்துச்சு. நாடு பூரா ரூம்ல உக்காந்து எழுதுற பசங்க எல்லாருக்கும் அது சொந்தக் கேள்வி.

அவனப் பத்தி அவன் ரசிகன விட உனக்கு அதிகம் தெரியணும்

இதுல சோம்பேறித்தனம் ஆகாது. அவன் இது வரைக்கும் விட்ட எல்லா பாட்டயும் கேளு, பேட்டி எல்லாம் பாரு, பழைய பாட்டுல ஒண்ணு சொல்லி புது பாட்டுல மாத்திச் சொன்னது எங்கன்னு குறிச்சு வை. அவன் தன்னப் பத்தி என்ன சொல்லிக்கிறான், நெஜத்துல என்ன பண்றான், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற ஓட்டதான் உன் பாட்டு. 2001ல நியூயார்க் ராப்பர் ஜே ஸீ, இன்னொரு நியூயார்க் ராப்பர் நாஸ டிஸ் பண்ணப்போ சும்மா நீ மோசம்னு சொல்லல, கணக்குப் போட்டாரு, இத்தன வருஷத்துல எத்தன ஆல்பம், அதுல நல்லது எத்தனன்னு. அது கத்துறத விட நூறு மடங்கு வலிக்கும், ஏன்னா கேக்குறவனும் மனசுல கூட்டிப் பாப்பான்.

நாஸ் அதே வருஷக் கடைசில திருப்பி அடிச்ச அடில, அந்தப் பாட்டோட பேரான 'ஈதர்'ங்கிறதே ஒருத்தன துவம்சம் பண்றதுக்கு வெனைச்சொல் ஆயிடுச்சு. அப்புறம் ஜே ஸீ ரேடியோல விட்ட ஒரு பதில்ல ரொம்ப கீழ எறங்கி, நாஸோட கொழந்தையோட அம்மாவ இழுத்துப் பேசிட்டாரு. அதக் கேட்டுட்டு ஜே ஸீயோட அம்மாவே கூப்பிட்டு மன்னிப்பு கேளுன்னு சொல்ல, ரேடியோல வந்து மன்னிப்புக் கேட்டாரு. அவ்வளவு பெரிய ஆளு. உங்க அம்மா கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சுட்டு எழுதுன்னு நான் பசங்க கிட்ட சொல்றது இத வச்சுத்தான். 2005ல ரெண்டு பேரும் ஒரே மேடைல சேந்து நின்னாங்க, அடுத்த வருஷமே ஜே ஸீ தலைவரா இருந்த டெஃப் ஜாம் மியூசிக் கம்பெனிலயே நாஸ் கையெழுத்துப் போட்டாரு.

இப்போ எழுது

நம்ம கிட்ட இருக்குற சாமான் வேற எவன் கிட்டயும் இல்ல, இத நான் பெருமைக்காக சொல்லல, எழுதிப் பாத்தா உனக்கே தெரியும். இங்கிலீஷ்ல, இந்தில எல்லாம் பெரும்பாலும் வரிக் கடைசிலதான் ரைம் தேடுவாங்க, தமிழ்ல வரி ஆரம்பத்துலயே மோனை, எதுகைன்னு ரெண்டு இருக்கு, கடைசில இயைபும் இருக்கு. ஒரே வார்த்தைல ரெண்டு அர்த்தம் வைக்கிற சிலேடையும் இருக்கு, 15ஆம் நூற்றாண்டுல காளமேகப் புலவர் பாம்புக்கும் வாழப்பழத்துக்கும் ஒரே வெண்பா பாடுனவரு, வசை பாட காளமேகம்னு ஊரே சொன்ன ஆளு. திருமலைராயன் சபைல அதிமதுரகவியோட அவருக்கு நடந்த போட்டியப் பத்தி கத கதயா சொல்லுவாங்க. அதத்தான் இப்போ நீ மைக் புடிச்சு பண்ணப் போற.

அதோட தஞ்சாவூர் பக்கம் காமன் பண்டிகைல எரிஞ்ச கட்சி, எரியாத கட்சின்னு லாவணி பாடுவாங்க, மன்மதன் எரிஞ்சானா எரியலயான்னு டேப்புங்கிற மேளத்த அடிச்சு ரெண்டு பக்கமும் கேள்வி பதிலா ராத்திரி பூரா மோதிக்குவாங்க. லாவணி மராட்டிய ராஜாக்கள் காலத்துல இங்க மகாராஷ்டிரால இருந்துதான் தஞ்சாவூர் போச்சு. அப்போ மும்பைல உக்காந்து தமிழ்ல பதிலுக்குப் பதில் பாடுற உனக்கு அந்த ரெண்டு ஊரும் சொந்தம்.

எதுகை எப்படி வேல செய்யுதுன்னு ஒரு மாதிரி எழுதிக் காட்டுறேன், மேடைல வரி மறந்தவன வச்சு:

பட்டம் உனக்கு நீயே குடுத்த
சட்டம் பேசி ஊரக் கெடுத்த
கட்டம் வந்து மைக்க நீட்டுனா
பட்டுனு வரிய மறந்து படுத்த

நாலு வரிலயும் மொத வார்த்தைல "ட்" வந்து விழுதா, அது ஸ்னேர் (பீட்ல டப்புன்னு விழுற ட்ரம் அடி) மேல கரெக்டா உக்காரும், கடைசில குடுத்த கெடுத்த படுத்தன்னு இயைபு தனியா ஓடுது. இதுல ஒரு கெட்ட வார்த்தை கூட இல்ல, ஆனா அவன் அந்த ஷோல வரி மறந்தது உண்மையா இருந்தா அந்த இடத்துல இருந்த எல்லாரும் "ஓஓஓ"ன்னு கத்துவாங்க. உண்மையா இல்லன்னா இதே நாலு வரி செத்த வரி.

சிலேடைக்கு நம்ம ஊரு ட்ரெயினே போதும்:

சென்ட்ரல் லைன்ல தொங்கிட்டே நான் வந்தேன்
உன் லைனு எல்லாம் சண்டே மெகா பிளாக்

மும்பைக்காரனுக்கு இத வெளக்க வேண்டாம், மத்தவங்களுக்கு சொல்றேன், ஞாயித்துக்கெழம தண்டவாள வேலைக்காக ட்ரெயின நிறுத்துறதுதான் மெகா பிளாக். அந்த மாதிரி நீ தெனம் பாக்குறதுல இருந்து எடு, நாக்கா (தெரு முக்கு), பத்ரா (தகர) கூரை, தண்ணி வர்ற நேரம், கும்பார்வாடா பானச் சூளை, பாந்த்ராக்குப் போற பஸ். நியூயார்க் ராப்பர் மாதிரி நீயும் துப்பாக்கி, டாலர்னு பேசுனா உன் வரிய எவன் நம்புவான் சொல்லு. போலித்தனத்த காட்டுறதுக்கு (வாஷிங்கிறது நவி மும்பை):

கேமரா வந்தா தாராவி, கட் சொன்னா நீ வாஷி
கல்லிக்குள்ள காத்து இல்ல, உன் கதைக்கு மட்டும் ஏசி

அடிய எங்க வைக்கணும்ங்கிறது முக்கியம். மொத வரில செட் பண்ணு, ரெண்டாவது வரி கடைசில அடி, அடிச்ச உடனே அரை பார் (நாலு தாள அடி ஒரு பார்) சும்மா விடு, கேக்குறவன் சிரிக்கணும் இல்ல, அதுக்கு எடம் வேணும். எல்லா வரியும் அடியா இருந்தா ஒண்ணும் ஞாபகம் நிக்காது. 16 பார்ல ரெண்டு வெர்ஸ் (சரணம் மாதிரி) போதும், 90 பிபிஎம்ல (நிமிஷத்துக்கு 90 தாள அடி) 16 பார்னா கிட்டத்தட்ட 43 செகண்ட் வரும், ரெண்டு வெர்ஸும் ஹூக்கும் (திரும்பத் திரும்ப வர்ற பல்லவி) சேத்தா ரெண்டர நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும். ஏழு நிமிஷம் திட்டுனா கேக்குறவனுக்கு அவன் மேல பாவம் வந்துரும், அப்புறம் நீ ஜெயிச்சாலும் தோத்த மாதிரிதான்.

எந்த மொழில அடிக்கணும்? எதிராளி தமிழ்ப் பையன்னா தமிழ்லயே அடி, நடுவுல நம்ம பம்பையா இந்தி தானா வந்து விழும், வீட்ல பேசுற மாதிரியே விடு. எதிராளிக்கு தமிழே தெரியாதுன்னா ஹூக்கும் பெரிய அடி ரெண்டு மூணும் இந்திலதான் இருக்கணும், புரியாத மொழில ஒருத்தன திட்டுறது அவன் முதுகுக்குப் பின்னாடி பேசுறதுக்கு சமம்.

தொடக் கூடாதது

அவன் செஞ்சத அடி, அவன் பொறந்தத அடிக்காத. ஜாதி, மதம், கலர், ஒடம்புல இருக்குற கொற, அவன் அப்பா என்ன வேல செய்யுறாரு, அவன் வீடு எவ்வளவு சின்னது, இதெல்லாம் எழுதுற பேப்பர்லயே வரக் கூடாது. தோல் கம்பெனிலயும் துப்புரவு வேலைலயும் ஒழச்சு வளத்த அப்பா அம்மாக்களோட புள்ளைங்க நம்ம எல்லாரும், அத ஒருத்தன் இன்னொருத்தன கேவலப்படுத்த யூஸ் பண்ணான்னா எனக்கு ரத்தம் கொதிக்கும், அது எவ்வளவு நல்ல ஃப்ளோவா இருந்தாலும் சரி. பொண்ணுங்கள இழுக்குறதும் அதே கணக்குதான். 1984ல ராக்ஸான் ஷான்டேங்கிற பொண்ணு 14 வயசுல, பொண்ணுங்கள மட்டம் தட்டுன ஒரு ஆம்பள குரூப்பு பாட்டுக்கு பதிலா ஒரு பாட்டு விட்டுச்சு, ரெக்கார்டுல வந்த டிஸ் சண்டைல பெரிய ஆரம்பமே அதுதான், அத ஞாபகம் வச்சுக்கோ.

சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கோ. அவதூறுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 356வது பிரிவுல ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, பாட்டா பாடுனேன்னு சொன்னா விட்டுருவாங்கன்னு நெனைக்காத, உண்மைன்னாலும் அது பொது நன்மைக்காக சொன்னதுன்னு காட்டணும். வெட்டுவேன் கொல்லுவேன்னு பேர் சொல்லிப் பாடுனா மிரட்டல் கேஸ் தனி. ஜாதி பேரச் சொல்லி எஸ்சி எஸ்டி ஆள கேவலப்படுத்துனா 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டம். அமெரிக்கால டிரேக்ங்கிற ராப்பர், தன்னத் திட்டுன பாட்ட வெளியிட்டதுக்காக யுனிவர்சல் மியூசிக் கம்பெனி மேல 2025ல அவதூறு கேஸ் போட்டாரு, ராப் சண்டைல சொல்றது கருத்துதான்னு கோர்ட் தள்ளுபடி பண்ணிருச்சு, ஆனா அது அவங்க ஊரு சட்டம். எழுதுன வரில உன்னால நிரூபிக்க முடியாதது எதுவோ அத வெட்டிரு, பாட்டும் டைட் ஆகும்.

அமெரிக்க ராப்பருங்க டூபாக்கும் பிக்கியும் சுடப்பட்டு செத்தது நமக்குத் தெரியும், 1996 செப்டம்பர்ல ஒருத்தர், 1997 மார்ச்ல இன்னொருத்தர், 25, 24 வயசு. பாட்டு சண்டைல குரூப்பு, கேங், லேபிள் எல்லாம் உள்ள வந்தா என்ன ஆகும்னு அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்ல. உன் பாட்டுக்கு லைக் போடுற கூட்டம் அவன் வீட்டு வாசல்ல போய் நின்னா, மொத ஆளா நீதான் போய் தடுக்கணும்.

பீட், ரெக்கார்டிங்

ராப்பர் கென்ட்ரிக் லமாரும் டிரேக்கும் 2024ல மோதுனப்போ பாட்டுக்கு மேல பாட்டா வந்துச்சு, மே மாசம் 3, 4 தேதில எல்லாம் தூங்கி எந்திரிக்கிறதுக்குள்ள அடுத்தது. ஆனா கடைசில ஊரு பூரா பாடுனது கென்ட்ரிக்கோட 'நாட் லைக் அஸ்' மட்டும்தான். ஏன்? அதுக்கு முந்துன அவர் பாட்டு அத விட கடுமையா, குடும்பத்த எல்லாம் இழுத்து இருட்டா இருந்துச்சு, அத ரெண்டு தடவ கேக்க மனசு வராது. இது மஸ்டர்ட்ங்கிற புரொட்யூசர் போட்ட வெஸ்ட் கோஸ்ட் பீட்ல ஆட வைக்குது, கூட்டம் சேந்து கத்துற மாதிரி ஹூக்கு. ஜூன் 19 அன்னிக்கு லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல ஷோல திரும்பத் திரும்ப அதையே போட்டு அஞ்சு தடவ பாடுனாங்க, 2025 பிப்ரவரில அஞ்சு கிராமி வாங்குச்சு. அதனால பீட் எடுக்கும்போதே கணபதி விசர்ஜன்ல, கல்யாண வீட்டு டிஜேல ஓட்டுனா கூட்டம் ஆடுமான்னு யோசி. நம்ம பற அடி, நாசிக் டோல் எல்லாம் இருக்கே, ஒரு நல்ல புரொட்யூசர் கிட்ட குடுத்தா தீயா வரும். யூட்யூப்ல ஃப்ரீ டைப் பீட்னு போட்டிருந்தா பெரும்பாலும் காசு சம்பாதிக்காத வரைக்கும்தான் ஃப்ரீ, லீஸ் (காசு குடுத்து யூஸ் பண்ற உரிம) வாங்கிட்டு அந்த பில்ல மெயில்ல பத்திரமா வை.

ரெக்கார்டிங்க்கு பெரிய ஸ்டுடியோ தேவ இல்ல. நம்ம ரூம்ல சத்தம் அதிகம்ங்கிறதால கண்டன்சர் மைக்க விட டைனமிக் மைக் நல்லது, பக்கத்து வீட்டு டிவிய அவ்வளவா இழுக்காது. ராத்திரி ஒரு மணிக்கு மேல, ரஜாய் கம்பளி எல்லாம் சுத்தி தொங்கவிட்டு, ஃபேன ஆஃப் பண்ணிட்டுப் பாடு, மழ காலத்துல பத்ரா கூரைக்குக் கீழ முயற்சியே பண்ணாத. பேண்ட்லேப், ஆடாசிட்டி ரெண்டும் ஃப்ரீ. லெவல் மைனஸ் 6 டிபி தாண்ட வேணாம். முழு வெர்ஸயும் ஒரே மூச்சுல பாட முடியுற வரைக்கும் ட்ரெயின்ல போகும்போது வரும்போது சொல்லிப் பாரு, மூச்சு எங்க முட்டுதோ அங்க வார்த்தைய கொற. மெயின் டேக் மேல, அடி விழுற வார்த்தைய மட்டும் இன்னொரு தடவ பாடி டபுள் பண்ணு. டிஸ்ல வார்த்த தெளிவாக் கேக்கலன்னா எல்லாம் வேஸ்ட், அதனால ஆட்டோட்யூன், ரிவர்ப் கொஞ்சமா. டிரேக் ஏஐல டூபாக் குரல செஞ்சு போட்டு, டூபாக் குடும்பத்துப் பக்கம் இருந்து வக்கீல் லெட்டர் வந்ததும் எடுத்தாரு, அந்த வேலயே வேணாம், உன் தொண்டைல இருந்து வர்றதுதான் உன் பாட்டு.

விட்டதுக்கு அப்புறம்

ரிலீஸ் பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்குப் போட்டுக் காட்டு, ஒருத்தர் ராப் கேக்காதவரா இருக்கணும், இன்னொருத்தர் உனக்கும் அவனுக்கும் பொதுவான ஃப்ரெண்டா இருந்தா இன்னும் நல்லது, அந்த ஃப்ரெண்டு மூஞ்சி எந்த வரில சுருங்குதுன்னு பாரு, அந்த வரிய மறுபடி யோசி. வீடியோவுக்கு வரிய ஸ்கிரீன்ல போடு, தமிழ் வரிக்குக் கீழ இந்தி சப்டைட்டில் வச்சா ஏரியால எல்லாரும் பாப்பாங்க.

விட்ட பிறகு கமென்ட்ல சண்ட போடாத, ஸ்டோரி போட்டு வெளக்காத. அவன் பதில் போட்டா உடனே ஃபோன தூக்காம ரெண்டு மூணு நாள் அதையே கேளு, அதுல உண்மையா பட்ட அடி எதுன்னு கண்டுபுடி, உன் ரெண்டாவது பாட்டோட மொத வரி அதுக்குப் பதிலா இருக்கணும், சுத்தி வளைச்சு வேற எதையாச்சும் பேசுனா எல்லாருக்கும் தெரிஞ்சுரும். பீட்ட மாத்து, டெம்போவ மாத்து, மொத பாட்டுல சொன்ன ஒண்ணையும் திருப்பிச் சொல்லாத. அவன் பதிலே போடலன்னா நீயும் நிறுத்திரு, பதில் சொல்லாதவன ரெண்டாவது தடவ அடிச்சா அதுக்குப் பேரு போட்டி இல்ல. கல்லில பாத்தா நீயே மொதல்ல "என்ன அண்ணே, எப்படி இருக்கீங்க"ன்னு கேளு, அடுத்த சைஃபருக்கு (வட்டமா நின்னு ஆளாளுக்கு ராப் பண்ற கூட்டத்துக்கு) அவனயும் கூப்பிடு, ரெண்டு பேரும் அந்த ரெண்டு பாட்டயும் ஒரே மைக்ல, ஊரு முன்னாடி நேருக்கு நேரா பாடுங்க.